கேள்வி பதில்: ஒரே ஆளுக்கு இங்கிலீஷ் 'தே' (they) வரலாமா?

கேள்வி: ஆபீஸ் மெயில் ஒண்ணுல "சம்ஒன் ஹேஸ் லெஃப்ட் தெயர் பேக்"னு இருந்துச்சு. சம்ஒன்னா ஒரு ஆள்தானே, அப்புறம் எதுக்கு தெயர்? 'தே'ன்னா பன்மைன்னுதான் ஸ்கூல்ல படிச்சேன். எழுதினவங்களுக்கு கிராமர் தெரியலையா, இல்ல எனக்கா?

பதில்: உங்க கேள்வியையே ஒரு தடவ திரும்பப் படிங்க, "எழுதினவங்களுக்கு"ன்னு போட்டிருக்கீங்க. மெயில் எழுதினது ஒருத்தர்தான், ஆணா பொண்ணான்னு தெரியல, அதனால தானா 'வங்க' வந்து விழுந்துருச்சு. பை யாரோடதுன்னு தெரியாதப்போ இங்கிலீஷ்காரங்க செய்யறதும் இதேதான்.

இது இப்ப வந்த ஃபேஷன்னு பலர் நினைக்கிறாங்க. இல்லங்க, ஆள் யாருன்னு தெரியாத இடத்துல ஒருமைக்கு 'தே' போடறது 14ஆம் நூற்றாண்டுலயே இருக்கு, ஷேக்ஸ்பியர்கூட எழுதியிருக்கார். 18ஆம் நூற்றாண்டுல இலக்கணம் எழுதினவங்கதான் 'தே' தப்பு, பொதுவா 'ஹீ' போடுன்னு பிடிவாதம் பிடிச்சாங்க, 1850ல பிரிட்டிஷ் பார்லிமென்ட் சட்டமே போட்டு, சட்டங்கள்ல 'ஹீ'ன்னு வந்தா அதுல பெண்களும் அடக்கம்னு சொல்லிடுச்சு. பேசற ஜனங்க அதயெல்லாம் காதுல வாங்கல.

நம்மகிட்டயும் இந்தக் கூத்து நடந்திருக்கு. 'அவர்' ஒரு காலத்துல சுத்தமான பன்மை, அப்புறம் மரியாதைக்காக ஒருத்தருக்கே சொல்ல ஆரம்பிச்சோம், பன்மை காலியானதால 'கள்' ஒட்டி 'அவர்கள்' ஆக்கினோம், கொஞ்ச நாள்ல அதையும் மரியாதைக்கு எடுத்துக்கிட்டோம். ஒருத்தரைப் பன்மைல சொல்றது பேச்சு வழக்கு, இலக்கண முறை இல்லன்னு தொல்காப்பியமே சொல்லுது. யார் கேட்டா?

இங்கிலீஷ்ல 'யூ'வும் முதல்ல பன்மைதான், ஒருமைக்கு 'தௌ'ன்னு தனியா ஒண்ணு இருந்துச்சு, அது வழக்கொழிஞ்சு போச்சு. இப்ப ஒரே ஆளைப் பார்த்து "யூ ஆர்"னு சொல்றோம், அதுல பன்மை வினை இருக்கேன்னு யாரும் சண்டைக்கு வரல. 'தே'வும் அப்படித்தான், ஆள் ஒண்ணா இருந்தாலும் 'தே ஆர்'தான், 'தே ஈஸ்'னு எழுதிடாதீங்க.

தன்னை ஆண்னோ பெண்னோ சொல்லிக்க விரும்பாதவங்களுக்கும் இப்ப 'தே' போடறாங்க. இதுதான் கொஞ்சம் புதுசு. மெரியம் வெப்ஸ்டர் அகராதில 2019ல இந்த அர்த்தத்தையும் சேர்த்தாங்க, அந்த வருஷத்தோட சொல்லாவும் 'தே'வத்தான் அறிவிச்சாங்க.

கேள்வி: எங்க மேனேஜர் பத்தி பேசும்போது மரியாதையா "தே ஆர் கமிங்"னு சொன்னேன். எதிர்ல இருந்தவர் "எத்தனை பேர்?"னு கேட்டார். என்ன தப்பு?

பதில்: மரியாதைதான் தப்பு! மேல சொன்னதை வச்சு 'தே'ன்னா அவங்க, அவங்கன்னா மரியாதைன்னு கணக்கு போட்டுடாதீங்க, இங்கிலீஷ்ல 'தே'வுக்கு மரியாதை கிடையாது. யாருன்னு தெரிஞ்ச ஆள், அவங்க ஹீயோ ஷீயோ சொல்லிக்கிறவங்கன்னா அதையே போடுங்க. நாட்டோட ராஜாவா இருந்தாலும் 'ஹீ'தான். நமக்கு அது 'அவன்' மாதிரி கேட்டு நாக்கு கூசும், எனக்கும் ரொம்ப நாள் கூசுச்சு.

கேள்வி: "தே சே இட் வில் ரெயின்"னு படிச்சேன். யார் அந்த 'தே'? முன்னாடி யாரையும் சொல்லவே இல்லயே?

பதில்: "மழை வரும்னு சொல்றாங்க"ன்னு நாம சொல்றப்போ யாரு சொல்றாங்க? ஊர்ல நாலு பேர், அவ்வளவுதான். நாம 'அவங்க'ங்கிற சொல்லையே விட்டுடுவோம், 'றாங்க'லயே ஆள் இருக்கு. இங்கிலீஷ் வினைல அந்த வால் இல்லாததால ஒரு 'தே'வ முன்னாடி கொண்டுவந்து நிறுத்தியே ஆகணும்.

கேள்வி: புத்தகங்களுக்கும் 'தே'யா?

பதில்: ஆமா. அவங்க, அதுங்க ரெண்டுக்கும் அது ஒண்ணுதான். "வேர் ஆர் த புக்ஸ்?"னு கேட்டா "தே ஆர் ஆன் த டேபிள்". 'இட் ஆர்'னு ஒண்ணு கிடையவே கிடையாது.