கேட்சராக உச்சத்தில் இருந்த அமெரிக்க பேஸ்பால் வீரர் ஜோ மாவர் ஏன் அந்த இடத்தை விட்டார்?

தலையில் விழுந்த அடிதான் காரணம். பேஸ்பாலில் கேட்சர் நம் விக்கெட் கீப்பர் மாதிரி. ஆனால் பேட்ஸ்மேனுக்கு ஒட்டிப் பின்னால் குந்தியபடியே, ஒரே ஆட்டத்தில் நூறு பந்துக்கு மேல் எதிர்கொள்ள வேண்டும். மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் வரும் பந்து மட்டையில் லேசாக உரசித் திசை மாறினால், கையுறையை நகர்த்த நேரமே கிடைக்காது. நேரே முகக்கவசத்தில் மோதும். கம்பி முகத்தைக் காப்பாற்றும், மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது.

2013 ஆகஸ்டில் மாவருக்கு நடந்தது இதுதான். மினசோட்டா ட்வின்ஸ் அணிக்காக 2006, 2008, 2009 என மூன்று முறை, லீகின் சிறந்த பேட்டிங் சராசரிக்கான பட்டம் வென்றவர். அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீகின் ஒரு பிரிவு அமெரிக்கன் லீக்; அதில் வேறெந்த கேட்சரும் அதைச் செய்ததில்லை. அப்படிப்பட்டவர் 2014இல், பேட்ஸ்மேனுக்குத் தள்ளி நிற்கும் முதல் பேஸ் ஃபீல்டராக மாறினார். சரியான முடிவு. 2018இல், தன் கடைசி ஆட்டத்தில், ஒரே ஒரு பந்துக்காக மறுபடி கவசம் மாட்டிக் குந்தினார்.