வேளச்சேரி - புதுச்சேரி பயணத்துக்கு எட்ஜ் 540ஆ, 840ஆ?

வணக்கம் நண்பரே. ஈசிஆரில் போன் சூடாகி அணைந்துவிடுகிறது, சைக்கிளில் பொருத்தி வழி பார்க்கும் ஜிபிஎஸ் கருவியான கார்மின் எட்ஜில் 540 வாங்கவா, 840 வாங்கவா என்று கேட்டிருந்தீர்கள். என் ஓட்டு 540க்கு. இரண்டிலும் வரைபடமும் வழிகாட்டலும் ஏறக்குறைய ஒன்றுதான். 840இல் பட்டன்களோடு தொடுதிரையும் உண்டு, முக்கியமாக அதற்குத்தான் கூடுதல் விலை. நம்ம ஊர் ஈரக்காற்றில் காலை ஏழு மணிக்கே விரல் நுனியில் வியர்வை சொட்டும். ஈர விரலால் திரையை இழுத்தால் வரைபடம் எங்கோ ஓடும். பட்டன் அப்படி ஏமாற்றாது.

பணம் மிச்சம் பிடிக்க எட்ஜ் 130 பிளஸ் பக்கம் போய்விடாதீர்கள். அதில் வரைபடமே கிடையாது, நீங்கள் ஏற்றிய பாதை வெறும் கோடாகத்தான் தெரியும். ஈசிஆருக்கு அது போதும். ஆனால் மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குத் திரும்பும்போது ஒரு கிளைச்சாலையைத் தவறவிட்டால், கோடு ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். பக்கத்தில் என்ன தெரு என்றே தெரியாமல் நான் அப்படி நின்றிருக்கிறேன்.

540இன் பேட்டரி 26 மணி நேரம் வரை என்கிறது கார்மின். புதுச்சேரி சுமார் 150 கிலோமீட்டர், தாராளம். அப்புறம், கிளம்பும் முன் வெட்டவெளியில் நின்று ஜிபிஎஸ் சிக்னல் பிடித்த பிறகு ஸ்டார்ட் அழுத்துங்கள்.