புறஜாதியார் என்றால் யார்? ஆதி கிறிஸ்தவர்கள் அவர்களிடம் ஏன் போனார்கள்?

தமிழ் பைபிளில் ‘புறஜாதியார்’ என்றால் யூதர் அல்லாதவர், அவ்வளவுதான். நம் ஊர்ச் சாதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. இயேசுவின் முதல் சீடர்கள் யூதர்கள். அப்படியிருக்க, செய்தி எப்படி வெளியே போனது?

பெரிய தடையாக இருந்தது சாப்பாடு. உணவு விதிகளைக் கவனமாகக் காத்த யூதர்கள், பிற இனத்தார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடத் தயங்கினார்கள். நம் கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். வாசலில் வணக்கம் யாருக்கும் சொல்லலாம். பக்கத்தில் இலை போட்டு உட்கார வைத்தால்தான் அவர் நம்மவர்.

இயேசுவின் முதல் சீடர்களில் ஒருவரான பேதுரு, யோப்பா என்ற கடலோர ஊரில், தோல் பதனிடும் சீமோன் வீட்டு மாடியில், நடுப்பகலில் பசியோடு இருக்கிறார். ஒரு தரிசனம்: வானத்திலிருந்து பெரிய துப்பட்டி போன்ற ஒன்று இறங்குகிறது, அதற்குள் யூதர்கள் சாப்பிடக் கூடாதவை உட்பட எல்லா வகை விலங்குகளும். ‘அடித்துச் சாப்பிடு’ என்கிறது குரல். மறுக்கிறார். மூன்று முறை இப்படி நடக்கிறது. பசித்தவருக்குச் சாப்பாட்டை வைத்தே புரிய வைத்த இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். அப்புறம் செசரியாவுக்குப் போய், ரோமப் படை அதிகாரி கொர்நேலியுவின் வீட்டுக்குள் நுழைகிறார். கடவுள் ஆள் பார்த்து ஏற்பவர் அல்ல என்று அங்கே சொல்கிறார். புறஜாதியாரிடம் போனதற்குக் காரணம் அதுதான்.

சுமார் கி.பி. 49இல் கிறிஸ்தவத் தலைவர்கள் எருசலேமில் கூடிப் பேசி, புறஜாதியாரிலிருந்து வரும் புதியவர்களுக்கு விருத்தசேதனம் (ஆண்களின் நுனித்தோலை அகற்றும் யூதச் சடங்கு) கட்டாயமில்லை என்று முடிவெடுத்தார்கள்.

இதையெல்லாம் புறஜாதியாரிடையே ஊர் ஊராகப் போய்ப் பேசிய பவுல்தான் தொடங்கினார் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பவுல் சிரியாவின் அந்தியோகியா நகருக்கு வருவதற்கு முன்பே, சீப்புரு (சைப்ரஸ்) தீவிலிருந்தும் வட ஆப்பிரிக்காவின் சிரேனேயிலிருந்தும் வந்த, பெயர்கூடத் தெரியாத சில விசுவாசிகள் அங்கே கிரேக்கர்களிடம் பேசத் தொடங்கியிருந்தார்கள்.