உருக்கிவிடாதீர்கள்! ஆண்ட்ரூ கிரிமா மோதிரங்கள்: கேள்வி-பதில்

லண்டன் நகைக் கலைஞர் ஆண்ட்ரூ கிரிமாவின் (1921–2007) மோதிரங்களைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த முறை பதில் சொல்கிறேன்.

என் மாமியார் பார்த்துக்கொண்ட ஓர் ஆங்கிலேயப் பாட்டி அவருக்குக் கொடுத்த மோதிரம் இப்போது என்னிடம் இருக்கிறது. மரப்பட்டை போலச் சொரசொரப்பான தங்கம், நடுவில் பட்டை தீட்டாத ஊதா நிறச் செவ்வந்திக்கல் (அமெதிஸ்ட்). உள்பக்கம் கிரீடம், 18, சிறுத்தைத் தலை, சின்ன ‘எம்’, அப்புறம் ‘எச்ஜேகோ’ என்ற எழுத்துகள். கிரிமா என்ற பெயரே இல்லையே, போலியா? (லண்டன் வாசகி)

பெயர் இல்லை என்று மனம் தளராதீர்கள். உங்கள் மோதிரத்தில் எனக்கு ஆவலைக் கிளப்பியதே அந்த ‘எச்ஜேகோ’தான். கிரிமா நகைத்தொழிலில் பிறந்தவர் இல்லை. இயந்திரப் பொறியியல் படித்தவர், போரின்போது பர்மாவில் இருந்தவர். 1946-ல் மாமனாரின் நகை நிறுவனத்தில் கணக்குப் பார்க்கத்தான் சேர்ந்தார். அந்த நிறுவனத்தின் முத்திரைதான் எச்ஜேகோ. அவருடைய தொடக்ககால நகைகளில் அதுதான் இருக்கும். பிறகு வந்தவற்றில் ‘ஏஜி லிமிடெட்’ என்றும், கிரிமா என்ற பெயரும் பார்க்கலாம்.

மற்ற முத்திரைகளும் பொருந்தியே வருகின்றன. சிறுத்தைத் தலை என்றால் லண்டனில் சோதித்தது. கிரீடமும் 18-ம் தங்கத்தின் தரம். சின்ன ‘எம்’ முத்திரை போட்ட ஆண்டான 1967-ஐக் குறிக்கும். பிரிட்டனில் 1975 முதல் 18 என்ற எண்ணுக்குப் பதில் 750 வந்துவிட்டது. ஆகவே கிரீடத்தோடு 750 போட்ட மோதிரத்தை யாராவது ‘அறுபதுகளில் முத்திரை போட்டது’ என்று விற்க வந்தால் நம்பாதீர்கள்.

பட்டை தீட்டாத கல்லுக்கும் ஒரு கதை உண்டு. 1948-ல் இரண்டு கல் வியாபாரிகள் பெட்டி நிறைய பிரேசில் கற்களோடு வந்தார்கள். அக்வாமரின், சிட்ரின், டூர்மலின், தீட்டாத செவ்வந்திக்கல் என்று பெரிய பெரிய கற்கள். அத்தனையையும் வாங்கிவிடலாம் என்று மாமனாரைச் சம்மதிக்க வைத்தார் கிரிமா. பிறகு அவர் வடிவமைத்த நகைகளில் கல்லின் விலையைவிட அதன் உருவமும் நிறமும்தான் முன்னால் நிற்கும். என் கண்ணுக்கு அவர் நகையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

ஒன்று மட்டும். மரப்பட்டை வேலைப்பாட்டை அந்தக் காலத்தில் பல பேர் செய்தார்கள், அந்த நிறுவனமும் வேறு நகைகள் செய்திருக்கிறது. அதனால் முத்திரை, வடிவம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவரிடம் நேரில் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

18 காரட் என்றால் நம்ம 916-ஐ விட மட்டம்தானே?

தங்கத்தின் அளவில் குறைவு, அவ்வளவுதான்: நூற்றுக்கு 75 பங்கு. 22 காரட் மென்மையானது. பெரிய கல்லைப் பிடித்திருக்கும் மெல்லிய கொக்கிகள் அதில் சீக்கிரம் வளைந்துவிடும். கல் பதித்த நகைக்கு ஐரோப்பாவில் 18 காரட்டை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மோதிரம் மங்கலாக இருக்கிறது. ஊரில் எங்கள் பத்தர் மெருகு போட்டுப் புதுசாக்கித் தருகிறேன் என்கிறார்.

தயவுசெய்து வேண்டாம். மங்கல் என்று நீங்கள் நினைப்பது அழுக்கு இல்லை, வேலைப்பாடு. இலை, சுள்ளி, மரத்தில் படரும் பாசி இவற்றையே அச்சாக வைத்துத் தங்கத்தில் வார்த்தவர் கிரிமா. அந்த நுணுக்கமான மேடுபள்ளங்களைப் பாலிஷ் சக்கரம் சில நிமிடங்களில் வழித்துவிடும். பிறகு யாராலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இதே காலத்து மோதிரம் ஒன்றைக் கண்ணாடி போலப் பளபளவென்று ஆக்கி என்னிடம் கொண்டுவந்தார் ஒருவர். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். எனக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

விரலுக்குப் பெரிதாக இருக்கிறது. வெட்டிச் சிறிதாக்கலாமா?

வளையம் முழுக்க வேலைப்பாடு ஓடினால் வெட்டிய இடம் தழும்பாகத் தெரியும். உள்பக்கம் இரண்டு சின்னத் தங்கக் குண்டுகள் வைத்தால் போதும், மோதிரம் சுற்றாது. அதற்கும் முத்திரைகள் இல்லாத இடமாகப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். பற்றவைக்கும் சூடு கல்லுக்குப் போகக் கூடாது. கடுமையான சூட்டில் செவ்வந்திக்கல் ஊதா நிறம் போய் மஞ்சளாகிவிடும்.

கடையில் எடை போட்டு ஒரு விலை சொன்னார்கள். பழைய நகையாகப் போட்டுப் புது வளையல் எடுக்கலாமா?

கல்லைக் கழித்து உங்கள் மோதிரம் 12 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் சுத்தத் தங்கம் 9 கிராம். கடைக்காரர் அதற்குத்தான் கணக்குப் போடுவார், பிறகு உருக்கிவிடுவார். அவர் மேல் தப்பில்லை, அவருக்குத் தெரிந்த கணக்கு அது. ஆனால் கிரிமா நகையைத் தேடி வாங்குபவர்கள் எடையைப் பார்த்து விலை கொடுப்பதில்லை. 1966-ல் இளவரசர் ஃபிலிப் தம் மனைவி எலிசபெத் அரசிக்குப் பரிசளித்த மாணிக்க புரோச் (ஆடையில் குத்திக்கொள்ளும் நகை) கிரிமா செய்தது. 2017-ல் லண்டன் போனம்ஸ் நிறுவனம் ஒரே சேகரிப்பாளரிடமிருந்த கிரிமா நகைகளை மொத்தமாக ஏலத்துக்குக் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட ஏல நிறுவனங்களுக்கு முத்திரைகள் தெளிவாகத் தெரியும் படங்களை அனுப்பி மதிப்புக் கேளுங்கள். பழைய பெட்டி, ரசீது எது இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள்.

எப்படிச் சுத்தம் செய்வது?

வெதுவெதுப்பான தண்ணீர், சில துளி மென்மையான சோப்பு, குழந்தைகளுக்கான மிருதுவான பிரஷ். முதலில் கல் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் தண்ணீரிலேயே போடாதீர்கள். கடைகளில் வைத்திருக்கும் அல்ட்ராசோனிக் இயந்திரம் வேண்டாம், உள்ளே விரிசல் இருக்கும் கல் உடைந்துவிடும். செவ்வந்திக்கல்லை ஜன்னலோரம் வெயிலில் காயவைக்காமல் துணியால் ஒற்றி எடுத்து, தனிப் பெட்டியில் வையுங்கள்.