ராபின் ஹூட்டின் பழைய கதைகளை இணையத்தில் எங்கே படிக்கலாம்?

ஆங்கிலக் கதைகளின் காட்டுக் கொள்ளையனான ராபின் ஹூட்டை, சினிமாவுக்கு முந்தைய வடிவில், இணையத்தில் எங்கே தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நேராக அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத் தளத்துக்குப் போங்கள். இடைக்கால ஆங்கிலப் பாடல்களை முன்னுரை, அருஞ்சொற்பொருளோடு இலவசமாக வைத்திருக்கிறார்கள். கேம்லின், ஆடம் பெல் போன்ற மற்றக் காட்டு வீரர்களும் அங்கே உண்டு.

முதலில் 'எ ஜெஸ்ட் ஆஃப் ராபின் ஹோட்' என்ற நீண்ட பாடலைப் படியுங்கள். அதில் சினிமாவில் வரும் காதலி மரியன் இல்லை. அரசர் ரிச்சர்ட் அல்ல, எட்வர்ட். ராபினும் பிரபு அல்ல. கடனில் மூழ்கிய ஒரு வீரருக்கு அவன் 400 பவுண்டு கடன் கொடுக்கிறான். கூடவே துணியும் கொடுக்கச் சொல்கிறான். ராபினின் ஆள் லிட்டில் ஜான் அளவுகோலுக்குப் பதில் தன் வில்லால் தாராளமாக அளக்கிறான், ஒவ்வோர் அளவுக்கும் மூன்றடி தாவிக்கொண்டு! 'நீ என்ன துணி வியாபாரி?' என்று இன்னொரு கூட்டாளி சலித்துக்கொள்கிறான். எனக்கு அம்பு விடும் காட்சிகளைவிட இந்த இடம்தான் பிடிக்கும்.

பிற்காலப் பாடல்களுக்கு, அமெரிக்க அறிஞர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் தொகுத்த 305 நாட்டுப்பாடல்கள் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற மின்னூலகத்தில் கிடைக்கின்றன. ராபின் பாடல்கள் 117 முதல் 154 வரை. தெருவில் விற்ற ஒற்றைத்தாள் அச்சுப் பாடல்களின் படங்களைப் பார்க்க வேண்டுமென்றால் சான்டா பார்பராவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் காப்பகம் இருக்கிறது. பலவற்றைப் பாடியும் பதிவேற்றியிருக்கிறார்கள். பழைய எழுத்துக்கூட்டல் மிரட்டினால் வாய்விட்டுப் படியுங்கள், பாதி புரிந்துவிடும்.