செயற்கைக்கோள் காட்டும் கரைக்கடல்: கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவி, தூத்துக்குடி): ஐயா, செயற்கைக்கோள் கடல்நீரைத் தொடாமலேயே அதிலுள்ள நுண்பாசியை எவ்வாறு அளக்கிறது?

பதில்: நீரின் நிறத்தைக் கொண்டுதான் அளக்கிறது. நுண்பாசிகளிலுள்ள பச்சையம் 443 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை மிகுதியாக உறிஞ்சுகிறது. பச்சை ஒளியை அவ்வளவாக உறிஞ்சுவதில்லை. ஆகவே இவ்விரண்டின் விகிதத்திலிருந்து பச்சையத்தின் அளவைக் கணக்கிடலாம். 1978இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் இருந்த கருவி இதைச் செய்து காட்டியது; இந்தியா 1999 மே 26 அன்று ஓஷன்சாட்-1 செயற்கைக்கோளை ஏவியது. கருவியை வந்தடையும் ஒளியில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு, நீரைத் தொடாமல் காற்றுமண்டலத்தில் சிதறி வந்தது என்பதையும் மறவாதீர்கள். அதைக் கழித்து எஞ்சும் சிறு பங்குதான் கடலைப் பற்றிய செய்தி.

கேள்வி (ஆய்வு மாணவர், சிதம்பரம்): பாக் விரிகுடாவில் படத்திலிருந்து கிடைத்த பச்சைய அளவு, படகில் எடுத்த மாதிரியில் இருந்ததைப்போல் இரு மடங்குக்கும் மேல் வருகிறது. பிழை எங்கே?

பதில்: உங்கள் மாதிரியை முதலில் சந்தேகிக்க வேண்டாம். நான் சொன்ன நீலம்-பச்சை விகிதம் ஆழ்கடலுக்கு ஏற்றது. அங்கே நீரின் நிறத்தைப் பெரும்பாலும் பாசியே தீர்மானிக்கிறது. கரையோரத்தில் ஆற்றுநீரோடு வரும் கரைந்த மக்குப் பொருள்களும் நீல ஒளியை உறிஞ்சுவதால், கணக்கீட்டு முறை அவற்றையும் பாசி என்றே எண்ணிவிடுகிறது. மிதக்கும் வண்டல் சிவப்பையும் அகச்சிவப்பையும் திருப்பி அனுப்புவதால், அந்த அலைநீளங்களில் நீர் கருமையாக இருக்கும் என்று கொண்டு செய்யப்படும் காற்றுமண்டலத் திருத்தமும் பிழைபடுகிறது. பாக் விரிகுடாவோ ஆழம் குறைந்தது. தெளிந்த நாளில் தரையிலுள்ள கடற்புல்லின் நிறமும் சேர்ந்துகொள்ளும். ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-3 எடுக்கும் படங்களில் 665, 709 நானோமீட்டர் அலைநீளப் பட்டைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். கலங்கிய, பாசி மிகுந்த நீருக்கு அது மேலானது. எந்த முறையானாலும், அந்தக் கடலிலேயே எடுத்த மாதிரியோடு ஒப்பிடாத வரைபடத்தை நான் ஏற்பதில்லை.

கேள்வி (மீனவர், பாம்பன்): மீன் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் நேரடியாகப் பார்க்கிறதா?

பதில்: இல்லை ஐயா. மேற்பரப்பு வெப்பநிலை சட்டென மாறும் எல்லைகளும் பச்சையம் மிகுந்த பகுதிகளும் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, மீன் கூடும் வாய்ப்புள்ள இடங்களை ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் (இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம்) நிறுவனம் அறிவிக்கிறது.

கேள்வி (அவரே): 2019 செப்டம்பரில் மண்டபம் கடலில் பூங்கோரை (நீரைப் பச்சையாக்கும் நுண்பாசிப் பெருக்கம்) பரவி மீன்கள் செத்து ஒதுங்கினவே, அதை முன்பே அறிந்திருக்க முடியாதா?

பதில்: நீர் பச்சையாகி, பாசி அடர்ந்த பிறகு அதன் பரப்பையும் அது நகரும் திசையையும் படங்களில் காணலாம். ஆனால் பச்சைய அளவு மட்டும் அது எந்த உயிரி என்று சொல்லாது; மேகம் மூடினால் அந்த நாள் படமே கிடைக்காது. கடலில் நிற்கும் நீங்கள் நீரின் நிறமாற்றத்தை முதலில் கண்டு, இடத்தையும் நேரத்தையும் சொன்னால், ஆய்வாளர்கள் அந்த இடத்துப் படத்தைத் தேடி எடுக்க முடியும். மீனவரின் சொல்லுக்கு இந்தத் துறையில் உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (எண்ணூர் வாசகர்): 2017 ஜனவரி 28 கப்பல் மோதலில் கசிந்ததைப் போன்ற எண்ணெயையும் நிறத்தால்தான் அறிகிறார்களா?

பதில்: பெரும்பாலும் ரேடாரால் அறிகிறார்கள். எண்ணெய்ப் படலம் சிற்றலைகளை அடக்கிவிடுவதால் அந்த இடம் படத்தில் கருமையாகத் தெரியும். இரவும் மேகமும் தடையில்லை. ஆனால் காற்றே வீசாத கடலும் கருமையாகவே தெரியுமாதலால், காற்றின் வேகத்தையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி (பள்ளி ஆசிரியை, நாகப்பட்டினம்): எங்கள் மாணவர்கள் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு, அம்மா. நீரின் தெளிவை அளக்க, 1865இல் இத்தாலியப் பாதிரியார் செக்கி சோதித்த வெண்தட்டு முறையே போதும். 30 செ.மீ. அகலமுள்ள வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி, பெரியவர்கள் துணையோடு, படகின் நிழல் பக்கமாக இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்டினல்-2 காலை பத்தரை மணியை ஒட்டிக் கடக்கும். அது கடக்கும் நாளை முன்பே பார்த்து வைத்து, அதற்கு முன்னும் பின்னும் மூன்று மணி நேரத்துக்குள் அளவெடுங்கள். படம் இலவசமாகவே கிடைக்கும்; உங்கள் அளவை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கரையை ஒட்டிய படப்புள்ளிகளில் நிலத்தின் ஒளி கலந்திருக்கும் என்பதால், சற்று உள்ளே சென்று அளப்பது நல்லது.