வாரம் ஒரு படம் வேண்டாம், வாரம் ஒரு தப்பு போதும்

கேள்வி: மூன்று வருடமாக கேனான் 200டி மார்க் 2 கேமரா வைத்திருக்கிறேன். கூடவே வந்த 18-55, 55-250 லென்ஸ்கள்தான். குளிர்காலத்தில் பறவை பார்க்க இரண்டு முறை வடுவூர், ஒரு முறை உதயமார்த்தாண்டபுரம், வருடத்துக்கு ஒரு தரம் முதுமலை போகிறேன். படங்கள் முதல் வருடம் இருந்த மாதிரியே இருக்கின்றன. கொக்கு வெள்ளைத் திட்டாக விழுகிறது, பூச்சிகள் மசமசவென்று வருகின்றன. வாரம் ஒரு படம் என்று 52 வாரத் திட்டம் ஆரம்பித்து ஏழாவது வாரமே நின்றுவிட்டது. பூச்சிக்கு 100 எம்எம் மேக்ரோ லென்ஸ் வாங்கட்டுமா, பறவைக்கு 150-600 லென்ஸ் வாங்கட்டுமா?
- வாசகர், திருவாரூர்

பதில்: இரண்டையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் வருடத்துக்கு நாலு நாள் படம் எடுக்கிறீர்கள். நவம்பரில் வடுவூரில் செய்த தப்பு என்னவென்று புரிந்தாலும், அதைத் திருத்திப் பார்க்க அடுத்த நவம்பர் வரவேண்டும். அதற்குள் மறந்துவிடும். வாரத் திட்டம் உதவுவது இந்த இடத்தில்தான்: அதே இடம், அதே வெளிச்சம், அதே உயிர், ஏழே நாளில் மறுபடி.

அப்படியானால் 52 வாரத் திட்டம் ஏன் நின்றது? வாரம் ஒரு புதுப் பொருள் தேடியிருப்பீர்கள். ஆறேழு வாரத்தில் வீட்டைச் சுற்றி இருந்ததெல்லாம் தீர்ந்துபோய், கணக்குக்காக எதையோ எடுத்துவைக்கிற நிலை வந்திருக்கும். இந்த முறை 12 வாரம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஓர் இடம் போதும். வாரக் கடைசியில் கையில் ஒரு நல்ல படம் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு தப்பு குறைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் எட்டு வாரத்துக்கு ஓர் எருக்கஞ்செடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரோட்டோரம், காலி மனை, ரயில் பாதை ஓரம், எங்கும் இருக்கும். யாரும் பிடுங்கமாட்டார்கள், ஆடு மாடும் தொடாது. ஆனால் அதை நம்பி ஒரு கூட்டமே பிழைக்கிறது. கொழுந்தில் மஞ்சள் அசுவினி, அதைத் தின்ன வரும் பொறிவண்டு, இலையில் மஞ்சளும் நீலமுமாக எருக்கு வெட்டுக்கிளி, பூவுக்கு வரும் பெரிய கருவண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக வெந்தய வரியன் பட்டாம்பூச்சி. அது ஒவ்வொரு முட்டையாக இலையில் ஒட்டிவிட்டுப் போகும், பெரும்பாலும் அடிப்பக்கத்தில். இலையைப் பறிக்காமல் மெல்லத் திருப்பிப் பாருங்கள். வெண்மையாக, கடுகைவிடச் சிறிதாக, மேல்முனை குவிந்து, உற்றுப் பார்த்தால் நெடுக வரிவரியாக இருக்கும். முனை கறுத்துவிட்டால் உள்ளே புழுவின் தலை தெரிகிறது என்று அர்த்தம், சீக்கிரம் பொரியும். வெளியே வந்த புழு முதலில் தன் முட்டை ஓட்டைத்தான் தின்னும். முட்டையிலிருந்து பட்டாம்பூச்சி வரை ஏறக்குறைய மூன்று நாலு வாரம்தான் என்பதால், எட்டு வாரத்தில் முழுச் சுற்றும் இரண்டு முறை கண்ணில் படலாம். முதல் சுற்றில் சொதப்பியதை இரண்டாவதில் சரிசெய்துகொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி பாதிக்கப்படும். தண்டை ஒடிக்காதீர்கள், கை கழுவாமல் கண்ணைக் கசக்காதீர்கள், வியூஃபைண்டரில் கண் வைக்கும் ரப்பரில் பால் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டில் தண்ணீர் கையோடு இருக்கட்டும். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு நேரே கண் மருத்துவரிடம் போங்கள்.

சாமான் ஒன்றே ஒன்று வாங்கலாம்: ரேநாக்ஸ் டிசிஆர் 250. 55-250 லென்ஸின் முன்னால் கிளிப் போல மாட்டும் பூதக்கண்ணாடி. மேக்ரோ லென்ஸ் விலையோடு ஒப்பிட்டால் சில்லறைச் செலவு. இதன் சக்தி 8 டயாப்டர் (மூக்குக் கண்ணாடியின் 'பவர்' அளக்கும் அதே அலகு). ஃபோகஸை முடிவிலியில் வைத்து ஜூமை 125-க்குக் கொண்டுவந்தால் 1:1, அதாவது 22 மில்லிமீட்டர் அகலப் பொருள் படம் முழுக்க நிறையும். 250-க்குப் போனால் 2:1, அதில் பாதி அகலப் பொருளே படம் நிறையும். 100-க்குக் கீழே வந்தால் ஓரங்கள் கறுக்கக்கூடும். எந்த ஜூமிலும் பூச்சிக்கும் கண்ணாடிக்கும் நடுவே 12 சென்டிமீட்டர் அளவுதான் இடைவெளி. அதைவிட்டு முன்னே பின்னே போனால் ஒன்றுமே தெரியாது. முதல் நாள் "பழுதான சாமானைக் கொடுத்துவிட்டான்" என்று கடைக்காரரைத் திட்டுபவர்கள் எல்லாம் அரை மீட்டர் தள்ளி நின்று பார்த்தவர்களே.

ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். 1:1 அளவில், லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 11 வைத்தாலும், தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. மூச்சு விட்டாலே அதைத் தாண்டிவிடுவோம். ஜூமை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, உடம்பையே மயிரிழை மயிரிழையாக முன்னே சாய்த்து, கண் தெளிவாகிற நொடியில் அழுத்துங்கள். இடதுகை விரல்களால் தண்டைத் தொட்டாற்போல் பிடித்து, லென்ஸை அந்தக் கையின் மேலேயே வைத்துவிட்டால் செடியும் கேமராவும் சேர்ந்தே ஆடும். காற்றில் படும் பாட்டில் பாதி இதிலேயே தீரும். மீதிக்கு ஒரு குச்சியை நட்டு, துணி கிளிப்பால் காம்பை அதோடு பிடித்துவையுங்கள். புழுவைப் பக்கவாட்டில் எடுக்கும்போது அதன் உடம்பும் கேமராவின் முதுகும் இணையாக இருக்கவேண்டும். சற்றே சாய்ந்தாலும் தலை தெளிவு, வால் மங்கல்.

வெளிச்சத்துக்கு கேமராவில் இருக்கும் பாப்-அப் ஃபிளாஷே போதும், ஆனால் அப்படியே அடித்தால் லென்ஸின் நிழல் பூச்சிமேல் அரைவட்டமாக விழும். டிவி, பீங்கான் சாமான் சுற்றிவரும் வெள்ளை ஃபோம் ஷீட்டை ஏ4 அளவுக்கு வெட்டுங்கள். கீழ்ப்பாதியில் லென்ஸ் நுழைய ஓட்டை போட்டு, முனைக்கு அருகில் மாட்டுங்கள். மேல்பாதி ஃபிளாஷை வாங்கிப் பரத்திக் கொடுக்கும். ஷட்டர் 1/200, எஃப் 11, ஐஎஸ்ஓ 400-ல் ஆரம்பியுங்கள். எருக்கிலையின் வெளிறிய மாவுப்பூச்சு நன்றாக வெளுத்துவிடும், ஃபிளாஷ் அளவை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறையுங்கள். பின்னணி கன்னங்கரேல் என்று வந்தால், ஃபிளாஷின் வெளிச்சம் அவ்வளவு தூரம் எட்டவில்லை என்று பொருள். ஐஎஸ்ஓவை 800 ஆக்கி ஷட்டரை 1/100-க்கு இறக்குங்கள், இல்லையென்றால் ஒரு விரற்கடை பின்னால் இன்னொரு இலை வருகிற மாதிரி நின்று எடுங்கள். பாப்-அப் ஃபிளாஷ் மூச்சு வாங்கும். தடதடவென்று தொடர்ந்து எடுக்க முடியாது. அதுவும் ஒருவகையில் நல்லதே, யோசித்து அழுத்துவீர்கள்.

இனி முக்கியமான வேலை, அது வீட்டில். சனிக்கிழமை காலை 6:15 முதல் 8 வரை எடுத்ததை அன்றைக்கே பார்க்காதீர்கள். பட்ட பாட்டின் பாசம் கண்ணை மறைக்கும். ஞாயிறு உட்காருங்கள். நல்ல படத்தைத் தேடாமல், ஒவ்வொன்றையும் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, அது ஏன் கெட்டது என்று பாருங்கள். கண் மங்கலாக இருந்து, அதற்கு முன்னாலோ பின்னாலோ ஒரு கால், ஒரு இலை நரம்பு கூர்மையாக இருந்தால் அது ஃபோகஸ் தவறியது. எதுவுமே கூர்மையாக இல்லாமல், பளிச்சென்ற புள்ளிகள் எல்லாம் ஒரே பக்கம் கோடாக இழுபட்டிருந்தால் கை ஆடியது. இலை கூர்மை, பூச்சி மட்டும் மங்கல் என்றால் பூச்சி நகர்ந்தது. மூன்றும் பார்வைக்கு ஒரே "மசமச"தான், மருந்து மட்டும் வேறு வேறு. முதலாவதற்கு நீங்கள் சாயும் விதம் மாறவேண்டும், இரண்டாவதற்குப் பிடிமானம், மூன்றாவதற்கு ஷட்டர் வேகமோ ஃபிளாஷோ. நீங்கள் இந்த மூன்றையும் "லென்ஸ் சரியில்லை" என்ற ஒரே கணக்கில் எழுதிவிட்டீர்கள் என்று நினைக்கிறோம்.

ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: ஃபோகஸ், கை ஆட்டம், பூச்சி அசைவு, வெளிச்சம், பின்னணி. கெட்ட படம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. எந்தக் கட்டம் நிறைகிறதோ அதுவே வரும் வாரத்தின் பாடம், அந்த வாரம் மற்ற நாலையும் கண்டுகொள்ளாதீர்கள். ஃபோகஸ் கட்டம் நிறைந்தால் புதன்கிழமை இரவு கால்மணி நேரம் ஒதுக்குங்கள். ஸ்கேலை மேசைமேல் சாய்த்து வைத்து, 15 சென்டிமீட்டர் கோட்டைக் குறிவைத்து 20 படம். எத்தனையில் அந்தக் கோடு கூர்மை என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். ஆரம்பத்தில் நாலைந்து தேறினாலே பரவாயில்லை. முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் இந்த எண்ணில் தெரியும். ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள், அதில்தான் பலரும் சலித்து நிறுத்துகிறார்கள்.

ஒன்பதாம் வாரத்திலிருந்து குளக்கரை. 55-250 போதுமா என்றால், 8 மீட்டர் தூரத்தில் 250-ல் படத்தின் அகலம் சுமார் 70 சென்டிமீட்டர். மடையானுக்கு (குளத்துக் கொக்கு) அது தாராளம். அந்த எட்டு மீட்டருக்குப் போவதுதான் வித்தை. நேராக நடக்காமல் சாய்வாக, நடுநடுவே நின்று, கடைசியில் கரைச் சரிவில் உட்கார்ந்துவிடுங்கள். திரையைத் திருப்பி வைத்துத் தாழ்வாக எடுக்க உங்கள் கேமரா தோதானது. உட்கார்ந்த பறவைக்கு ஷட்டர் 1/500, பறப்பதற்கு 1/2000.

மடையானிடம் ஒரு சூது உண்டு. உட்கார்ந்திருக்கும்போது சேற்றோடு சேறாகப் பழுப்பு. எழும்பினால் இறக்கை முழுக்க வெள்ளை. பழுப்புக்கு வெளிச்சம் அளந்து காத்திருந்தால், பறக்கிற நொடியில் இறக்கை எரிந்து போகும். உங்கள் "வெள்ளைத் திட்டு"க் கொக்கும் இதே கதைதான்: கேமரா சுற்றியுள்ள இருட்டுத் தண்ணீரைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறது. எடுத்த படத்தில் எரிந்த வெள்ளையை மினுக்கிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்து ஒரு படம் எடுத்து, வெள்ளையில் மினுக்கல் நிற்கும்வரை இன்னும் இறக்குங்கள். பழுப்பு கொஞ்சம் இருட்டினால் பிறகு தூக்கிக்கொள்ளலாம், எரிந்த வெள்ளையை மீட்க முடியாது. காலை 9 மணிக்கு மேல் வயலும் தண்ணீரும் சூடேறி, நடுவில் காற்று நெளிய ஆரம்பிக்கும். தூரம் கூடக் கூட அந்த நெளிவும் கூடும். 150-600 வாங்கியவர்கள் பலர் லென்ஸைக் குறைசொல்வது இதனால்தான். கூடு இருக்கும் மரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். நீங்கள் நிற்கும் நேரமெல்லாம் தாய் திரும்பி வராது, காக்கை வந்துவிடும்.

12 வாரத்துக்குப் பிறகும் ஏதாவது வாங்கத் தோன்றினால், முதலில் ஃபிளாஷ். உங்கள் மாடலின் ஹாட்ஷூவில் (கேமரா தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடம்) நடுமுனை கிடையாது. அந்த ஒரு முனையை மட்டும் நம்பும் மலிவு மேனுவல் ஃபிளாஷ்கள் அதில் எரியாது. கேமராவைக் கையோடு கொண்டுபோய், மாட்டி, எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டால் அன்று வராந்தா டியூப்லைட்டுக்கு அடியில் உட்காருங்கள். ஈசலும் அந்துப்பூச்சியும் வரும், பின்னாலேயே பல்லி வரும். சுவரில் ஒட்டிய பூச்சிக்கு முன்னும் பின்னும் கிடையாது. கேமராவைச் சுவருக்கு இணையாகப் பிடித்துப் பழக அதைவிட வசதியான இடம் இல்லை.